ஆல்பேட்டை, அரியாங்குப்பம்

கடலூரிலிருந்து பாண்டிக்கு
ஒரு நடையில் பதினோரு பெயர் கூவவேண்டும்.
ஒன்பது வந்துவிடும்.
கன்னியக்கோயில் வரும், கிருமாம்பாக்கம் வரும்,
தவளக்குப்பம் தடங்கலில்லாமல் வரும்.
ஆல்பேட்டையும் அரியாங்குப்பமும்தான்
தொண்டையில் பிரேக் அடித்து நிற்கும்.

உயிர்மெய் என்றால்
மெய்யின் தோளைப் பிடித்து உயிர் ஏறிவிடுகிறது.
தனி உயிர் வந்தால்
கதவு சாத்திக்கொள்கிறது.

"அடுத்து என்ன ஸ்டாப்பு கண்டக்டர்?"
முருங்கப்பாக்கத்துக்கு முந்தினது, என்பேன்.
புதுசாக ஏறியவர்கள் முறைப்பார்கள்.
தினம் வரும் பூக்காரம்மா
கூடையிலிருந்து தலை நிமிராமல்
எனக்காகக் கூவுவாள்: "அரியாங்குப்போம்!"

ஜிப்மரில் மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள்.
நாண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன,
நெரித்துக்கொள்ளும்படி மூளை சொல்கிறது
என்றார் டாக்டர்.
கழுத்தில் ஊசி போட்டால் மூன்று நான்கு மாதம் தாங்கும்;
முதல் இரண்டு வாரம் காற்றாகப் பேசுவீர்கள்,
தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள்.
பிறகு கேட்டார்: நாளைக்கு எத்தனை காபி?
விரல்களைக் காட்டினேன். ஒரு கை போதவில்லை.

காபிதான் காரணமா சார்?
"இல்லை. சிலருக்கு அது கூட்டுகிறது என்கிறார்கள்.
சிலருக்கு ஒன்றுமில்லை.
விட்டுப் பாருங்கள். எழுதி வையுங்கள்."

டிரிப் ஷீட்டின் முதுகில் எழுதினேன்.
திங்கள்: காபி இல்லை. மண்டை பிளக்கிறது. குரல் மோசம்.
செவ்வாய்: இல்லை. ஒரு பயணியிடம் எரிந்து விழுந்தேன்.
வார்த்தை சுத்தமாக வந்தது, அதுதான் வெட்கம்.
வியாழன்: இல்லை. நல்ல குரல்.
டிரைவர் புருஷோத்து கண்ணாடியில் பார்த்துப் புருவம் தூக்கினார்.
வெள்ளி: இல்லை. குரலும் இல்லை.
சனி: ராத்திரி பத்தரைக்குச் சங்கரா மீன் புளிக்குழம்பு.
நெஞ்செரிச்சல். காலை முதல் நடையில்
கன்னியக்கோயில்கூடக் கரகரத்தது.

மீன்குழம்புக் கணக்கு மட்டும்
மூன்று முறை ஒரே விடை தந்தது.
காபிக் கணக்கு இன்னும் மீதி நிற்கிறது.

ஒன்றை ஷீட்டில் எழுதவில்லை.
விடுப்பு நாளில், புருஷோத்து சொல்கேட்டு,
அரைக் குவார்ட்டர் உள்ளே இறக்கி,
தேவனாம்பட்டினம் மணலில் நின்று
கடலைப் பார்த்துக் கூவினேன்: அரியாங்குப்பம்!
வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.
வலை உதறிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்,
இந்த ஆள் ஏன் வேற ஸ்டேட்டுக்கு டிக்கெட் போடுகிறான் என்று.
ஒரு மணி நேரம்தான்.
பிறகு கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள்.
டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
"அப்படித்தான் இளகும். அந்த ரூட்டில் மட்டும் போகாதீர்கள்."

மனைவி பெயர் அஞ்சலாட்சி.
பெண் பார்க்கப் போனபோது
எனக்கு இந்த நோய் இல்லை.
இப்போது முதல் எழுத்தை வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டு
"ஞ்சலாட்சி" என்கிறேன்.
பதிலுக்கு அவளும் எதையோ விழுங்கிவிட்டு
"ன்ன?" என்கிறாள்.
அப்போது வருகிற சிரிப்பு இரண்டு பேருக்கும்
எங்கேயும் உடைவதில்லை.

நான் பார்க்கக்கூடாதென்று
அவள் பின்கட்டில் நின்று காபி குடிக்கிறாள்.
சிக்கரி வாசனைக்குக் கதவு தெரியாது.

இன்று ஞாயிறு. முதல் நடை நாலே முக்காலுக்கு.
அடுப்பு மேடையில்
அரை டம்ளர் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போயிருக்கிறாள்.
ஆடை கட்டுகிறது.
பேனாவைத் தேடுகிறேன்,
குடிப்பதற்கு முன்பா, குடித்தபிறகா எழுதுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.